ஏழாவது பொத்தானில் அடுக்களை

என்ன வேலை என்று யாராவது கேட்டால், பொத்தான் அமுக்குகிற வேலை என்று சொல்வேன். கேட்டவர் முகத்தில் ஓர் இளக்காரம் வரும். வரட்டும். கொரியாவின் சொங்ஜூ நகரத்தில் சனிக்கிழமைகளில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் என் விரல் வழியாகத்தான் திரைக்குப் போயிருக்கிறார்கள்.

எங்கள் கல்யாண மண்டபத்தில் இரண்டு கூடங்கள். கீழ்த்தளத்தில் பெரிய சாப்பாட்டுக்கூடம், அதன் பின்னால் அடுக்களை. சனிக்கிழமை என்றால் எட்டுக் கல்யாணம். முதல் கூடத்தின் பின்சுவரில், உயரத்தில், கண்ணாடி பதித்த ஒரு பொந்து இருக்கிறது. அதுதான் என் அறை. பியோ மான்-ஷிக்காகிய நான் பதினான்கு வருஷமாக அதற்குள் ஒரு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பலகையில் இரண்டு வரிசைப் பொத்தான்கள். கீழ்வரிசை, படம் போய்ச் சேர வேண்டிய இடங்கள்: கூடங்களின் பெரிய திரைகள், சாப்பாட்டுக்கூடத்து டிவிகள், வாசல் டிவி, மணப்பெண் அறை, அடுக்களை டிவி, என் மேசைமேல் இருக்கும் சின்னத் திரை. மேல்வரிசை, படம் கிளம்புகிற இடங்கள்: கூடத்துக் கேமராக்கள், போட்டோக்கள் ஓடும் கம்ப்யூட்டர், இன்னும் சில. ஏழாவது பொத்தான் அடுக்களைக் கேமரா. முதலில் கீழே ‘எங்கே’ என்று அமுக்க வேண்டும். பிறகு மேலே ‘எது’ என்று. கடைசியாக ஓரத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தான். டக், டக், டக். படம் போய்விடும். இதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். கீழ்வரிசையில் கடைசியாக அமுக்கிய பொத்தான் எரிந்துகொண்டே இருக்கும். வேறொன்றை அமுக்கும்வரை பலகைக்கு அதுதான் இடம்.

கல்யாண மண்டபத்தில் அடுக்களைக்கு எதற்குக் கேமரா என்று கேட்பீர்கள். எங்கள் சமையல் எவ்வளவு சுத்தம் என்று ஊருக்குக் காட்ட, வாசல் டிவியில் நாள் முழுக்க அந்தப் படம் ஓடும். அடுக்களையில் இருக்கும் டிவியிலோ முதல் கூடம் ஓடும். அதைப் பார்த்துத்தான் அங்கே வேலை நடக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் பெற்றோரை வணங்கும்போது கிண்ணங்களை அடுக்குவார்கள். சொந்தக்காரர்கள் போட்டோவுக்கு நிற்கும்போது சூப்பை ஊற்றத் தொடங்குவார்கள். கடிகாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த அடுக்களைக்கு ராணி ஓக்-புன் அக்கா. ஆள் குள்ளம், தொண்டை பெரிது. மாட்டு விலா எலும்பைக் கொதிக்கவைத்து அவள் இறக்கும் சூப்புக்காகவே, யார் கல்யாணம் என்று சரியாகத் தெரியாதவர்கள்கூட வந்து போவதாக எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அவள் அண்டாவில் வேறொருவர் கரண்டியை விட்டால் தொலைந்தார். மேனேஜர் மியோங் அம்மா மண்டபத்தில் எங்கள் எல்லோரையும் ஆட்டிப் படைக்கிறவர். அவரே அடுக்களை வாசலுக்கு வந்ததும் நடையின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, பதினோரு மணி, முதல் கூடம் என்று அக்காவின் மகள் ஹா-தாமுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு அக்கா ஒரு தட்டு நிறையப் பொரித்த இறாலோடு என் பொந்துக்கு ஏறி வந்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் அந்தப் படிகளில் ஏறியதே இல்லை. இது லஞ்சம் என்று இறாலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பசி கண்ணை மறைத்துவிட்டது.

“தம்பி, அன்னிக்கு அடுக்களைப் படம் எந்த டிவியிலயும் வரக்கூடாது. வாசல்லகூட,” என்றாள்.

“ஏன்க்கா, அன்னிக்கு நீதான் அடுக்களையிலயே இருக்க மாட்டியே.”

“நம்ம ஆளுங்க இருக்கானுங்கல்ல. எவனாவது கேமராவப் பாத்து ‘ஓக்-புன் அக்கா வீட்டுக் கல்யாணம்’னு அட்டை புடிச்சாலும் புடிப்பான். நம்ப முடியாது.”

விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மோ யொங்-சுன் மொக்போ துறைமுகத்தில் மூன்று மீன்பிடிப் படகுகளுக்குச் சொந்தக்காரி. இரண்டு குடும்பமும் முதன்முதலில் சந்தித்த விருந்தில் அந்தம்மா அளந்து அளந்து நாலு வார்த்தை பேசினாராம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். ஒவ்வொரு தட்டையும் மோப்பம் பிடிக்கிற மாதிரி பார்த்தாராம். விருந்தில் உட்கார்ந்ததுமே, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, அக்காவின் வாயிலிருந்து ‘உணவுத் துறையில இருக்கேன்’ என்று வந்துவிட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இவள் சொன்னது ஒன்றே ஒன்று, அதுவும் பாதிதான் பொய். ஆனால் அந்தப் பாதி ஆறு மாதமாக அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

“கல்யாண மண்டபத்துச் சமையக்காரி மகள்னு என் பொண்ண அங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது தம்பி. அவ்வளவுதான்.”

அப்படியானால் வேறு மண்டபத்தில் வைத்திருக்கலாமே என்றேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் தன் கையால் சூப்பு வைத்துவிட்டு, தன் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களை வேறு எவனோ வைத்த கழுநீரைக் குடிக்க விடுவதா என்று கேட்டாள். அதாவது சூப்பு அவளுடையதாக இருக்க வேண்டும். அது அவளுடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாள். இறால் தட்டோ காலியாகியிருந்தது. சரி என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை மண்டபமே நாடகமேடை ஆகிவிட்டது. யாரும் அக்காவைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று மியோங் அம்மா உத்தரவு போட்டிருந்தார். தினமும் அவளிடம் காப்பி வாங்கிக் குடிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக் கிழவர், ரோஜா நிற ஹன்போக்கில், எங்கள் விசேஷ நாள் உடையில், இறங்கியவளை இடுப்புவரை குனிந்து வணங்கி, அம்மா எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். பூ அலங்காரக்காரி ஒருபடி மேலே போய், கழிப்பறைக்கு வழி காட்டட்டுமா என்று கேட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் என் பங்குக்கு வாசல் டிவியிலும் சாப்பாட்டுக்கூடத்து டிவிகளிலும் ஒரு பூப்படத்தைப் போட்டு, அவற்றைப் பலகையில் பூட்டிவைத்தேன். பூட்டு என்றால் ஒரு பொத்தான்தான். அமுக்கிவிட்டால் அந்த இடத்துக்குப் போகிற படத்தை யாராலும் மாற்ற முடியாது. முதல் கூடத்துப் பெரிய திரையை நான் பூட்டவில்லை. அதில் போய் யாராவது அடுக்களையைப் போடுவார்களா?

பத்து மணிக்கு மொக்போவிலிருந்து இரண்டு பஸ்கள் வந்தன. மோ அம்மா முதலில் இறங்கினார். நீல ஹன்போக், நிமிர்ந்த முதுகு, இறுகிய உதடு. அக்கா சொன்னது சரிதான் என்று எனக்கும் தோன்றியது.

பதினோரு மணி. சின்ன வயதுப் போட்டோக்கள் பெரிய திரையில் ஓடின. பல் விழுந்த ஹா-தாம், தொட்டிக்குள் குளிக்கும் மாப்பிள்ளை, எல்லாம் வழக்கம்போல. அடுத்து இரண்டு அம்மாக்களும் கைகோத்து நடந்து வந்து மேடையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அது முடிந்தால்தான் மாப்பிள்ளை, அதற்குப் பிறகுதான் பெண். அறிவிப்பாளர் அழைத்தார். கதவு திறந்தது. கதவில் நீல ஹன்போக் மட்டும் நின்றது.

காதுக் கருவியில் மியோங் அம்மா சீறினார். “பெண்ணோட அம்மா எங்க? பன்னிரண்டரைக்கு அடுத்த கல்யாணம் நிக்குது. பியோ, உனக்குத் தெரியுதா?”

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கே இருப்பாள் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க எலும்பைத் தானே ஊறவைத்துத் தானே கொதிக்கவிட்டவள், கடைசி உப்பு போடுவதை மட்டும் இரண்டாம் சமையல்காரர் சே-யிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். விட்டுவிட்டு இருக்க முடியுமா அவளால்? எதற்கும் என் சின்னத் திரையில் அடுக்களையை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று விரல் போனது. ஏழு, சிவப்பு. டக், டக்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன். இரண்டு டக். மூன்று இல்லை. ‘எங்கே’ என்று நான் அமுக்கவே இல்லை. கீழ்வரிசையில் முதல் கூடத்துப் பெரிய திரை எரிந்துகொண்டிருந்தது.

நான்கு மீட்டர் உயரத்துக்கு அக்கா எழுந்து நின்றாள். ரோஜா நிற ஹன்போக்கின் கைகளை முழங்கைவரை சுருட்டி, மேலே ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சே-யின் சட்டைக் காலருமாக. சத்தம் வரவில்லை. ஆனால் அவள் சே-யை என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று அவள் வாயைப் பார்த்தே மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஒரு நொடி கூடம் திகைத்தது. பிறகு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசைவரை பரவியது. அந்தச் சத்தம் அடுக்களை டிவி வழியாக அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். அக்கா சட்டென்று டிவியின் பக்கம் திரும்பினாள். அதில் முதல் கூடம். கூடத்தின் பெரிய திரையில் அவள். அவளுக்குப் பின்னால் அடுக்களை டிவி, அதற்குள் கூடம், கூடத்துக்குள் மறுபடி அவள். கரண்டி பிடித்த ஓக்-புன்கள் வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே உள்ளே போனார்கள். அவள் கரண்டியால் முகத்தை மறைத்தாள். எல்லா ஓக்-புன்களும் மறைத்தார்கள். விடுபட்ட சே நிலைமை புரியாமல் கேமராவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

“நிறுத்து,” என்றார் மியோங் அம்மா. “உடனே நிறுத்து.”

நிறுத்த மூன்று டக் போதும். பூப்படம் ஒன்றைப் போட்டால் முடிந்தது. அமுக்குவதற்கு விரலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் கதவருகே நின்ற மோ அம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வெளியே நடந்தார். கூடத்தில் சிரிப்பு அறுந்துபோனது. பின்னால் நின்றிருந்த மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு தட்டு இறாலைத் தின்றுவிட்டுக் கெடுத்தவன் என்று என் பெயர் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

திரையை நான் அணைக்கவில்லை. இப்போது அணைத்தால், கோபித்துக்கொண்டு போன சம்பந்தியும் முகத்தை மறைத்த அம்மாவும்தான் முந்நூறு பேருக்கும் கடைசிக் காட்சியாக மிஞ்சும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

முக்கால் நிமிஷம் கழித்துத் திரையின் ஓரத்தில் நீல நிறம் தெரிந்தது. மோ அம்மா வாசலை நோக்கிப் போகவில்லை. படியிறங்கி அடுக்களைக்குப் போயிருக்கிறார்.

அடுக்களையில் சாப்பாட்டு எண்ணிக்கை கேட்பதற்காக ஒரு மைக் உண்டு. அந்த மைக்கின் சத்தத்தை எங்கே அனுப்புவது என்பதும் என் பலகையின் வேலைதான். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். முதலில் எங்கே: என் காது. பிறகு எது: அடுக்களை மைக். பிறகு சிவப்பு. ஆகையால் அங்கே பேசியதைக் கேட்டவன், மேலே இருந்தவர்களில் நான் ஒருவன்தான்.

“அந்தக் கரண்டியக் குடுங்க சம்பந்தி,” என்றார் மோ அம்மா.

அக்கா கொடுத்தாள். மோ அம்மா அண்டாவில் விட்டு எடுத்து, ஊதி, குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். முந்நூறு பேர் ஒரு கிழவி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்பு குறைச்சல்.”

செத்தோம் என்று நினைத்தேன். அக்கா ஓடி ஒளிந்திருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அண்டாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதே. அவள் தலை தானாக நிமிர்ந்தது.

“குறைச்சல் இல்ல.”

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. எங்க பக்கம் இத நோயாளிக்குத்தான் குடுப்போம்.”

“உங்க ஊர்க்காரங்க கடல் தண்ணியக் குடிச்சு வளந்தவங்க. இங்க மனுசங்களும் சாப்புடணும்ல.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதில் ஒரு சிரிப்பு கேட்டது. கண்ணைத் திறந்தால் மோ அம்மா அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். இறுகிய உதடு எங்கே போனதென்று தெரியவில்லை. என்ன நடக்கிறதென்று புரியாமலே கூடமும் கூடச் சேர்ந்து சிரித்தது.

“இத ஏன் அன்னிக்கே சொல்லல?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா தரையைப் பார்த்தாள். “என்னன்னு சொல்றது? மூணு படகு வச்சிருக்கவங்க முன்னால, அடுப்படியில நிக்கிறவன்னா?”

“படகு என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனது. நான் இருபது வருசம் அந்தத் துறைமுகத்துல மீன் அறுத்தவ. நீங்க உணவுத் துறைன்னீங்க. ஏதோ பெரிய கம்பெனியில படிச்சு உக்காந்திருக்கிறவங்களாக்கும்னு ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. எந்தத் தட்ட எந்தக் கரண்டியால தொடணும்னு பயந்தே அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.”

அக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

மோ அம்மா அவள் கையைப் பிடித்தார். “உங்க கையால சாப்பாடுன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா, நான் எதுக்கு ரெண்டு பஸ்ஸோட நிறுத்தறேன்? மூணு பஸ்ஸா கூட்டியாந்திருப்பேன்ல.”

காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். படிகளில் தடதடவென்று மியோங் அம்மா ஏறி வந்து கதவைத் திறந்தார். என்னைக் கொல்லத்தான் வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார்.

இரண்டு அம்மாக்களும் கைகோத்து வந்தார்கள். வழக்கமாக அந்த நடைக்கு மெல்லிய பியானோ போடுவோம். அன்று போட்டாலும் கேட்டிருக்காது, அப்படிக் கைதட்டினார்கள். அவசரத்தில் அக்காவின் ஏப்ரனைக் கழற்ற இருவருக்கும் தோன்றவில்லை. ரப்பர் ஏப்ரனோடே மேடையேறி மெழுகுவர்த்தி ஏற்றினாள். கதவுக்குப் பின்னால் முறை வரக் காத்திருந்த ஹா-தாம், கண் மை கரைய அழுதுகொண்டே சிரித்தாள் என்று பூ அலங்காரக்காரி பிறகு சொன்னாள். அந்தக் கல்யாணம் பதினெட்டு நிமிஷம் தாமதமாக முடிந்தது. அடுத்த வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அவர்களை மியோங் அம்மாவே போய்ச் சமாதானம் செய்தார். எனக்கு ஒரு வாரம் திட்டு விழுந்தது, அது தனி.

போட்டோ எல்லாம் முடிந்து நான் கீழே சாப்பிடப் போனபோது, சூப்பு ஊற்றும் இடத்தில் வரிசை நகராமல் நின்றுவிட்டிருந்தது. பாத்திரத்துக்குப் பின்னால் நீல ஹன்போக்கின் கையைச் சுருட்டிக்கொண்டு மோ அம்மா நின்றார். மொக்போ பஸ்களில் வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, கிண்ணத்தில் ஊற்றி, ஒரே வசனத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என் சம்பந்தியம்மா வச்ச சூப்பு. உப்பு கொஞ்சம் குறைச்சல். ஆனா இது மாதிரி நீங்க குடிச்சிருக்க மாட்டீங்க.”

கூடத்தின் நடுவில் குடும்பத்தாருக்குப் போட்ட மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஏப்ரனை இப்போதுதான் கழற்றியிருந்தாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ அந்த வசனம் காதில் விழுந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவளுடைய அடுக்களைத் தொண்டையை, முந்நூறு பேர் சாப்பிடும் அந்தக் கூடத்தின் நடுவில், முதல்முறையாகத் திறந்தாள்.

“உப்பு சரியாத்தான் இருக்கு. பதினாலு வருசமா இந்தச் சூப்ப நாந்தான் வைக்கிறேன்.”